விக்ஸால் சதுப்பில் ஒன்பது அடி வழி

இங்கிலாந்தில் கால்வாய்ப் படகுப் பயணம் முடிந்து வீடு திரும்பி மூன்று நாள்தான் ஆகிறது. எந்த நாளில் எங்கே தங்கினோம், எதற்கு எவ்வளவு செலவானது என்பதை வரிசையாக எழுதித் தருகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தால், விக்ஸால் சதுப்பு நிலத்தில் கரை பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்த அந்த இருநூறு மீட்டர்தான் முதலில் கண்முன் வந்து நிற்கிறது. போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை என அதை நாங்கள் இருமுறை கடந்தோம். இரண்டாவது முறை கடந்தபோது ஏற்பட்ட படபடப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

அக்டோபர் கடைசி வாரம் நானும் மனைவியும், பர்மிங்ஹாமில் வேலை பார்க்கும் மைத்துனனும் அவன் மனைவியுமாக நான்கு பேர், 57 அடி நீள நேரோபோட் (கால்வாய்களுக்கென்று குறுகலாகச் செய்த படகு) ஒன்றை ஏழு இரவுகளுக்கு 1,180 பவுண்டுக்கு வாடகைக்கு எடுத்தோம். கோடை விடுமுறைக்கு இதே படகுக்குக் கேட்ட தொகை எங்கள் கைக்கு எட்டாததால்தான் குளிர் தொடங்கும் அக்டோபரைத் தேர்ந்தெடுத்தோம். இந்தப் படகின் அகலம் 6 அடி 10 அங்குலம் மட்டுமே. இங்கிலாந்தின் பழைய குறுகிய கால்வாய்களில் உள்ள லாக்குகள் (நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவடைத்த அறைகள்) ஏறக்குறைய 7 அடி அகலத்தில் கட்டப்பட்டவை என்பதால் படகும் அதற்குள் அடங்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. வாடகைப் படகை ஓட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பதினைந்து டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்புப் படகை நம் கையில் ஒப்படைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் எங்களுக்குச் சொல்லாமல் விட்ட செய்திகளைப் பற்றித்தான் என் குறை. அந்த நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

நாங்கள் போனது இங்கிலாந்திலிருந்து வேல்ஸுக்குள் செல்லும் லாங்கோத்லன் கால்வாய். ஹர்லஸ்டன் சந்திப்பில் நான்கு லாக்குகள் ஏறி அதற்குள் நுழைய வேண்டும். அவற்றில் அடியில் உள்ள லாக்கின் சுவர்கள் காலப்போக்கில் உட்புறமாகச் சாய்ந்து, சற்றே அகலம் கூடிய பழைய படகுகள் நடுவில் சிக்கிக்கொள்ளும் நிலை பல ஆண்டுகள் நீடித்தது. 2019-20 குளிர்காலத்தில் அந்த லாக்கை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். நாங்கள் உள்ளே போனபோது இருபுறமும் சில அங்குல இடைவெளி சீராகத் தெரிந்தது. பராமரிப்பு வேலை என்பது பயணிக்கு எரிச்சல் தரும் இடையூறு என்று எண்ணுகிறவர்கள் இந்த லாக்கினுள் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

இந்தக் கால்வாய்க்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. பெரும்பாலான கால்வாய்களில் நீர் அசையாமல் கிடக்கும். இதிலோ ஓட்டம் இருக்கிறது. லாங்கோத்லன் ஊருக்கு மேலே டீ ஆற்றிலிருந்து எடுக்கும் நீர், கால்வாய் முழுவதும் ஓடி வந்து ஹர்லஸ்டன் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து குடிநீராகிறது. 1944-இல் ஒரு சட்டத்தின் மூலம் கைவிடப்பட்ட கால்வாய்களில் இதுவும் ஒன்று. ஆனால் இந்தக் குடிநீர்ப் பயன்பாட்டால்தான் தூர்ந்துபோகாமல் தப்பித்தது. ஆகவே, போகும்போது எதிர் நீரிலும் திரும்பும்போது நீரோட்டத்தோடும் பயணம் செய்கிறோம். இந்த வேறுபாட்டின் பொருள் எங்களுக்கு விக்ஸாலில்தான் புரிந்தது.

கிரின்ட்லி புரூக்கின் ஆறு லாக்குகளையும், அவற்றில் படிக்கட்டுப் போல ஒன்றையொன்று ஒட்டி ஏறும் மூன்றையும், அங்கிருந்த லாக் காவலர் சொன்ன வரிசைப்படி மழையில் நனைந்துகொண்டே ஏறினோம். விட்ச்சர்ச்சில் காய்கறி வாங்கினோம். மறுநாள் காலை பத்து மணியளவில் விக்ஸாலை நெருங்கினோம்.

விக்ஸால் என்பது பீட் மண் சதுப்பு. பாசியும் புல்லும் மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து, நீரை ஊறவைத்துக்கொண்டு கிடக்கும் கருநிற மண் அது. மிதித்தால் மெத்தையைப் போல அமுங்கும். இதன்மீது கால்வாய் வெட்டியவர்கள் கரையை உயர்த்தியதும் கரை அமிழத் தொடங்கியது. மறுபடி களிமண் கொண்டுவந்து உயர்த்தினார்கள், மறுபடி அமிழ்ந்தது. இதற்கென்றே தொழிலாளர் குழு ஒன்று 1804 முதல் 1960-கள் வரை, தலைமுறை தலைமுறையாக, இதே கரையில் களிமண் கொட்டிக் கெட்டித்துக்கொண்டே இருந்தது. விக்ஸால் மாஸ் கேங் என்பது அக்குழுவின் பெயர். பிறகு கரையோரம் எஃகுத் தகடுகளை அடித்து இறக்கிய பின்புதான் அந்த வேலை ஓய்ந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே இடத்தில் ஒரே வேலையைச் செய்தவர்கள் நின்ற கரை அது என்று தெரிந்துகொண்டு போனதால், நேராக நீளும் அந்த வெறுமையான நீர்ப்பாதை எனக்கு வெறுமையாகத் தோன்றவில்லை.

நாங்கள் போனபோது அங்கே துருவேறிய தகடுகளுக்கு முன்னால் புதிய தகடுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கால்வாயின் இடப்பக்கம் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டு ஒரு மிதவை, அதன்மேல் பொக்லைன், அதற்குப் பின்னால் சேறு ஏற்றும் திறந்த படகு ஒன்று. வலப்பக்கம் மிஞ்சியிருந்த வழி ஒன்பது அடி இருக்கலாம். 'வேலை நடக்கிறது, மெதுவாகச் செல்லவும்' என்ற பலகை சற்று முன்னால் இருந்தது. மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் கரையிலிருந்து கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பொக்லைனின் கை தரையில் இறங்கி எஞ்சின் ஓய்ந்ததும் வரச் சொல்லிக் கையசைத்தார்.

எதிர் நீரில் போகும்போது படகை நிறுத்துவது எளிது. வேகத்தைக் குறைத்தால் நீரே பிடித்து நிறுத்திவிடும். காற்றும் இல்லை. எஞ்சினை ஐடிலுக்குச் சற்று மேலே வைத்து, நடக்கும் வேகத்திலும் பாதி வேகத்தில் நகர்ந்தோம். வேகமாகப் போனால் நேரம் மிச்சமாகும் என்று எண்ணுவது பெரிய பிழை. ஒடுங்கிய வழியில் வேகமாகப் போகும் படகு, தன் பக்கவாட்டிலுள்ள நீரை இழுத்துக் குறைத்துவிடும். அதனால் பக்கத்தில் கட்டியிருக்கும் மிதவை நம்மை நோக்கி இழுபடும், நம் படகின் அடியும் சேற்றில் உட்காரும். மிதவையின் விளிம்பு என் முழங்கையிலிருந்து ஒரு முழத் தொலைவில் கடந்து போயிற்று. அதன்மேல் புதிய தகடுகள் அடுக்கியிருந்தன. இரு ஓரங்களும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி மடித்துச் செய்த, பழுப்பு நிறத் தகடுகள். வேலையாள் ஒருவர் சிரித்து, "அருமை, அப்படியே போங்கள்" என்றார். அன்று மாலை எலெஸ்மியர் என்ற ஊரில் அந்த மகிழ்ச்சியிலேயே, செலவைப் பற்றிய கவலையை ஒரு வேளைக்கு ஒதுக்கிவைத்து உணவகத்துக்குப் போனோம். பன்றித் தொடை இறைச்சி, ஆப்பிள், வெங்காயம் ஆகியவற்றை மாவுக் கூட்டுக்குள் அடைத்துச் சுடும் ஃபிட்ஜட் பை, அந்த ஊர் இருக்கும் ஷ்ராப்ஷையர் மாவட்டத்தின் உணவு. அதன் இனிப்பும் உப்பும் சேர்ந்த சாறு மாவின் அடியில் ஊறியிருந்த சுவைக்காக இன்னொரு முறை அங்கே போவேன். நான்கு பேருக்கு 82 பவுண்டு ஆயிற்று; மற்ற எல்லா வேளைகளிலும் படகிலேயே புளிசாதமும் ரசமும் சமைத்துச் சாப்பிட்டதால் தாங்கிக்கொள்ள முடிந்தது.

பொன்ட்கசுல்தே நீர்ப்பாலத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. பொறியாளர்கள் டெல்ஃபோர்டும் ஜெசப்பும் 1805-இல் முடித்த அந்த 307 மீட்டர் இரும்புத் தொட்டியில், டீ ஆற்றுக்கு 38 மீட்டர் உயரத்தில், ஒரு பக்கம் கைப்பிடியே இல்லாத நிலையில் படகு ஓட்டியது என் வாழ்நாளில் மறக்காது. அதைத் தாண்டி லாங்கோத்லனுக்குப் போகும் வழியில் பாறையை வெட்டிய பகுதிகள் ஒரு படகுக்கு மட்டுமே இடம் தருபவை. அங்கே ஒருவர் முன்னால் நடந்துபோய், எதிரே படகு வரவில்லை என்று பார்த்துச் சொன்ன பிறகே நுழைய வேண்டும். இந்த வழக்கத்தை நாங்கள் அங்கே கற்றுக்கொண்டோம்; விக்ஸாலுக்குத் திரும்பியபோது அது கைகொடுத்தது.

திரும்பிய அன்று மாலை மூன்று மணி. சதுப்பின்மேல் மரமோ மேடோ இல்லாததால் காற்று தடையின்றி வீசியது. இப்போது மிதவை எங்களுக்கு வலப்பக்கம், காற்று இடப்பக்கத்திலிருந்து, நீரோட்டம் பின்னாலிருந்து. என் மனைவி கைப்பேசியோடு கரையில் முன்னால் நடந்து போய், சேற்றுப் படகை நகர்த்துகிறார்கள், கால்மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்றாள். சுக்கான் மைத்துனனிடம் இருந்தது. நிறுத்துவதற்காக அவன் பின்கியர் போட்டான். நேரோபோட்டுக்குப் பின்னோக்கிப் போகும்போது சுக்கான் வேலை செய்யாது. எஞ்சின் சுழற்றும் விசிறி (புரொபெல்லர்) தள்ளும் நீர் சுக்கானின்மேல் படும்போதுதான் படகு திரும்பும். ஆகவே பின்பகுதி ஒரு பக்கமாக நகர்ந்து, 57 அடிப் படகு கால்வாயின் குறுக்கே திரும்பத் தொடங்கியது.

எப்படியோ கரையை ஒட்டிக் கட்ட முயன்றோம். சுத்தியலால் முளை அடித்தேன். அந்தப் பஞ்சு மண்ணில் முளை இரண்டே இழுப்பில் கையோடு வந்துவிட்டது. அப்போது ஓடிவந்த வேலையாள் ஒருவர், எங்கள் படகின் பெட்டியிலேயே கிடந்த இரும்புக் கொக்கி ஒன்றை எடுத்து, கரைத் தகட்டுக்கும் அதன் பின்னால் ஓடும் கம்பிக்கும் நடுவில் மாட்டி, அதன் வளையத்தில் கயிற்றைக் கோத்துக் கட்டினார். பத்து நொடி வேலை. தகடு அடித்த கரைகளில் இந்தக் கொக்கியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதைப் படகு கொடுத்தவர்கள் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வழி விட்டதும் புறப்பட்டோம். மெதுவாகப் போனால் காற்று தள்ளுகிறது, வேகமாகப் போனால் நீர் இழுக்கிறது. காற்று படகின் முகத்தை மிதவைப் பக்கம் தள்ளியதும், மைத்துனன் பயந்து சுக்கான் பிடியை முழுவதும் வலப்பக்கம் தள்ளினான். அதற்கு எதிர்ப்புறமாக முகம் இடப்பக்கம் விலகியது. ஆனால் நேரோபோட் தன் நடுவை அச்சாகக் கொண்டு திரும்புவது. முகம் இடப்பக்கம் போனால் வால் வலப்பக்கம் வீசும்.

"அத்தான், பின்னாடி இடிக்கப் போகுது!" என்று கத்தினான். நான் கையால் மிதவையைத் தள்ளப் போனேன். "கையை எடுங்கள்!" என்று மிதவையில் நின்றவர் அதட்டிவிட்டு, கயிற்றில் கட்டிய பழைய டயர் ஒன்றை நடுவில் இறக்கினார். அந்த எடைக்கு நடுவே மாட்டும் கை எலும்பும் சதையுமாக நசுங்கிவிடும் என்பதை அந்தக் கணத்தில் நான் மறந்தே போனேன். டயர் பெரும் மோதலைத் தாங்கியது. ஆயினும் மிதவையின் மூலை எங்கள் பின்பகுதியில் ஒரு முழ நீளத்துக்குப் பெயின்டைச் சுரண்டிவிட்டது.

"மாப்பிள்ளை, சுக்கானை நேராக்கு, ஒரே ஒரு தரம் வேகம் கொடு, உடனே குறை" என்றேன். அதுதான் சரியான முறை என்று பிறகு அந்த வேலையாளும் சொன்னார்: நெருக்கடியில் சுக்கானை நேராக்கி, விசிறிக்கு ஓர் உந்து கொடுத்தால் படகு தன் நேர்கோட்டுக்கு வந்துவிடும், விலகத் திருப்பத் திருப்ப வால்தான் அடிபடும். அவர் எங்கள்மேல் கோபப்படவே இல்லை. வழி தடைப்பட்ட நேரத்துக்காகவும் அவர்தான் வருத்தம் தெரிவித்தார்.

படகை ஒப்படைத்தபோது, 150 பவுண்டு முன்பணத்தில் 60 பவுண்டைச் சுரண்டலுக்காகப் பிடித்துக்கொள்வதாக நிறுவனத்தார் சொன்னார்கள். 2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களைப் பராமரித்துவரும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட், வேலை நடக்கும் இடங்களைத் தன் இணையதளத்தில் அறிவித்துவிடுகிறது. விக்ஸால் அறிவிப்பு நாங்கள் படகேறுவதற்கு முன்பே அதில் இருந்தது. அதை எங்களுக்குக் காட்டியிருக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு என்று அரைமணி நேரம் வாதாடினேன். இறுதியில் 25 பவுண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த 25 பவுண்டும் நியாயமற்றது என்பதே இன்றும் என் கருத்து. நீங்கள் போவதானால், கிளம்புவதற்கு முந்தைய இரவு அந்த அறிவிப்புகளை நீங்களே பார்த்துவிடுங்கள். பெரிய வேலைகள் நவம்பர் முதல் மார்ச் வரை நடப்பதால் அந்த மாதங்களில் பாதையே அடைபட்டிருக்கக்கூடும்.

படகு 1,180, டீசல் 110, சமையல் பொருள்கள் 140, உணவகம் 82, சுரண்டலுக்கு 25. மொத்தம் 1,537 பவுண்டு, தலைக்கு ஏறக்குறைய 384. மைத்துனன் வசந்த காலத்தில் மறுபடி போகலாம் என்கிறான். புதிய தகடுகள் முழுவதும் இறங்கி, மிதவை போன பின் விக்ஸாலின் கரை எப்படி இருக்கிறது என்று பார்க்க எனக்கும் ஆசைதான்.