ரிலே சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு

குறுவைக்கு நாற்றங்கால் விடும் இந்நாட்களில், மன்னார்குடிப் பக்கத்து இளைஞர்கள் சிலர் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை ஆர்டுயினோ என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை கொண்டு இயக்க முயல்வது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஆர்டுயினோவின் ஊனோ வகைப் பலகையில் ஒரு முனையிலிருந்து 20 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்காமலிருப்பதே நல்லது. 40 என்பது தாண்டவே கூடாத வரம்பு. ரிலே என்பது மின்காந்தச் சுருளால் இயங்கும் சுவிட்ச். சாதாரண 5 வோல்ட் ரிலேயின் சுருளோ ஏறத்தாழ 70 மில்லிஆம்பியர் கேட்கும் என்பதால், சிறு மின்னோட்டத்தால் பெரியதைக் கட்டுப்படுத்தும் ஒரு டிரான்சிஸ்டர் இடையில் கட்டாயம் வேண்டும். ரிலே அணையும் கணத்தில், சுருளில் தேங்கிய காந்த ஆற்றல் எதிர்த்திசையில் உயர் மின்னழுத்தமாக எழும்பி அந்த டிரான்சிஸ்டரை அழித்துவிடக்கூடும். சுருளுக்குக் குறுக்கே, கோடிட்ட முனை நேர்மின் பக்கம் இருக்குமாறு இணைத்த 1என்4007 டயோடு, அதாவது மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு, அதைத் தடுக்கும். சில ரூபாய்ப் பொருள்தான், ஆயினும் ரிலே பொருத்திய சுற்றுப்பலகையில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

மும்முனை மோட்டாரின் மின்னோட்டத்தை அந்தச் சிறு ரிலே நேரடியாகச் சுமக்கக் கூடாது. அது ஸ்டார்ட்டரிலுள்ள கான்டாக்டர் என்னும் பெரிய ரிலேயின் சுருளை மட்டும் இயக்கட்டும். மும்முனை மின்சாரத்தின் ஒரு பேஸ் (முனை) போன பின்னும் ஓடும் மோட்டாரில் மற்ற பேஸ்களின் மின்னோட்டம் கூடி வைண்டிங் கருகிவிடும் என்பதால், மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயையும் பேஸ் இழப்புப் பாதுகாப்பையும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள்.