வெங்காயம் பிடுங்குமுன் வந்து நிற்கும் தவணை

ஏழைகளுக்குச் சொத்துப் பிணை கேட்காமல் கொடுக்கும் சிறு கடனான நுண்கடன் வறுமையைப் போக்குமா என்று கேட்பவர்களுக்கு, கொடுத்த பணம் எப்போது திருப்பிக் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது என்றே நான் சொல்வேன். 1976 இல் வங்காளதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் பொருளியல் பேராசிரியர் முகம்மது யூனுஸ் 42 பேருக்குத் தம் கையிலிருந்து கொடுத்த பணம் மொத்தமாக 27 டொலர் பெறுமதியே. மூங்கில் வாங்கக் கடன் தந்த வியாபாரிக்கே, அவர் வைத்த விலையில் முக்காலிகளை விற்றுவந்த பெண்கள் அந்தப் பிடியிலிருந்து விடுபட அதுவே போதுமாயிருந்தது. அன்றாடம் காசு புழங்கும் அத்தகைய தொழிலுக்குக் கிழமைத் தவணை பொருந்தும்.

எங்கள் திருகோணமலையின் நிலாவெளி, குச்சவெளிப் பக்கங்களில் சின்ன வெங்காயம் செய்யும் பெண்ணின் நிலை வேறு. நட்டு, நீர் இறைத்து, களை பிடுங்கி, குமிழ் முற்றிக் கைக்குக் காசு வர இரண்டு மாதங்களுக்கு மேலாகும். முதல் தவணையோ அடுத்த கிழமையே வந்துவிடுகிறது. கருவாடு போடுபவர்களுக்கும் இதே கதிதான்: கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் கிடக்கும்போதும் தவணை ஓய்வதில்லை. கடன் குழுவாகவே கொடுக்கப்படுகிறது; ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் பிணை நின்ற மற்றவர்கள் கட்டவேண்டும் என்பதால், அயலவர் முகத்தில் விழிக்க அஞ்சி அவள் தோட்டை அடகு வைக்கிறாள், அல்லது ஒரு லோனை அடைக்க இன்னொரு லோன் எடுக்கிறாள்.

வட்டிக் கணக்கையும் பார்க்கவேண்டும். 50,000 ரூபா கடனுக்கு ஆண்டுக்கு 24 வீதம் என்று சொல்லி, முழுத் தொகைக்கும் 12,000 ரூபா வட்டி சேர்த்து, 52 கிழமைகளில் அறவிட்டால், தவணை ஏறத்தாழ 1,192 ரூபா. தொடக்கக் கிழமைகளிலேயே கடன் தொகை குறையத் தொடங்கினாலும் வட்டி குறையாததால், உண்மையான வட்டி 40 வீதத்தைத் தாண்டுகிறது. ஒப்பமிடும் இடத்தில் இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரும் மனவருத்தம்.

இந்தியா, எத்தியோப்பியா, மெக்சிக்கோ உள்ளிட்ட ஆறு நாடுகளில் செய்யப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வுகளும், நுண்கடனால் தொழில் செய்வோருக்குச் சிறிது நன்மை உண்டு, ஆனால் குடும்பங்களின் வருமானம் பெரிதாக உயரவில்லை என்றே கண்டன. இலங்கை அரசாங்கம் 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுடைய நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. அது தேவையான ஆறுதல். ஆனால் தவணை முறை மாறாமல் அடுத்த கடனும் அதே இடத்துக்குத்தான் கொண்டுபோகும்.

ஆகவே சிறு கடனே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், ஏனெனில் அது இல்லாத இடத்தை நாளுக்கு நாள் வட்டி ஏற்றும் மீற்றர் வட்டிக்காரர் நிரப்பிவிடுவார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களும் உறுப்பினரின் சேமிப்பிலிருந்து கொடுக்கும் கடனில், வட்டி சங்கத்துக்குள்ளேயே தங்குகிறது. யார் எப்போது அறுவடை செய்வார் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். வெங்காயத்துக்குக் கொடுத்த கடனை வெங்காயம் விற்ற பின்னரும், கருவாட்டுக்குக் கொடுத்ததைக் கடல் அடங்கிய மாதங்களிலும் அறவிட இத்தகைய சங்கங்களால் முடியும். கட்டி முடித்த பணத்தையே அடுத்தவருக்குக் கடனாகக் கொடுக்கும் அவற்றின் சுழற்சி நிதிக்கு அரசு கைகொடுக்கட்டும்.