செட் ஊமையானால்

“மேலிருந்து வர்ற ஆர்டரே தப்பா இருந்தா என்னங்க சார் பண்றது?”

கேட்டவன் ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக் கிராமத்துப் பையன். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடித்துவிட்டு மூச்சு வாங்காமல் நிற்கிறவன். நான் யோசிக்கவே இல்லை. “செய்யறதுதான் தம்பி. கேள்வியெல்லாம் அப்புறம்” என்றேன். “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு ஷூ லேஸைக் கட்டப் போய்விட்டான்.

இதில் உறுத்த என்ன இருக்கிறது? பட்டாளத்தில் எவரும் சொல்லக்கூடிய பதில்தான். ஆனால் அதற்குப் பத்து நிமிடம் முன்பு, அதே வாயால், 1987இல் நம் ராணுவம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஆட்களை இறக்கிய திட்டத்தில் எங்கெங்கே ஓட்டை என்று, பட்டாளத்தில் சேரத் தயாராகிற இந்தப் பையன்களுக்குப் பாடம் எடுத்து முடித்திருந்தேன். அவன் கேட்டது அந்தப் பாடத்துக்கான கேள்வி. நான் சொன்னது வேறு ஏதோ கேள்விக்கான பதில்.

அந்த இரவில் நான் அங்கே இல்லை. சொன்னதெல்லாம் ஏற்கெனவே வெளியே வந்த விஷயங்கள். அவற்றைப் பட்டாளத்தில் ரேடியோ பார்த்த ஒரு சிக்னல்காரனின் கண்ணால் பார்த்துச் சொன்னேன், அவ்வளவுதான்.

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம். சமாதானம் காக்க இலங்கைக்குப் போன நம் படை, அக்டோபர் 10, 11 வாக்கில் புலிகளோடு சண்டை போடும் படையாகிவிட்டது. நடுவில் பத்து, பதினோரு வாரம். காவலுக்குப் போகிறவன் எடுத்துப் போகிற சாமான் வேறு, சண்டைக்குப் போகிறவன் எடுத்துப் போவது வேறு. பட்டாலியன்கள் முழு பலத்தில் இல்லை. வரைபடங்கள் பழையவை. தமிழ் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். நம் கையில் ஒவ்வொரு குண்டாகச் சுடும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, மேகசினுக்கு 20 குண்டு. எதிரே ஏ.கே.47, மேகசினுக்கு 30, விசையை அழுத்திப் பிடித்தால் போதும். டெல்லி ஒன்று சொல்ல, சென்னையில் இருந்த படைத் தலைமையகம் ஒன்று சொல்ல, கொழும்பிலிருந்த தூதரகம் தன் பங்குக்கு ஒன்று சொல்ல, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் பலாலி விமானத் தளத்தில் இருந்த ஜெனரல் மூன்றையும் கேட்டாக வேண்டும். இதையெல்லாம் எழுதாதவர்கள் இல்லை. அவரவர் பதவிக்குத் தக்கபடி அடுத்தவர் மேல் பழியைப் போட்டு எழுதினார்கள். நான் அதற்குள் போகவில்லை. என் தொழில் ரேடியோ.

அக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி, பலாலியிலிருந்து எம்ஐ-8 ஹெலிகாப்டர்களில் ஆட்களைக் கொண்டுபோய்ப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தில் இறக்குவது, பக்கத்தில் கொக்குவிலில் இருந்த புலிகளின் தலைமையை அமுக்குவது. இதுதான் திட்டம். முதலில் பாரா கமாண்டோக்கள் 103 பேர். பின்னால் சீக் லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படைப் பிரிவின் ஒரு கம்பெனி, அதாவது நூறு பேர் சொச்சம். கமாண்டோக்கள் இறங்கினார்கள். கம்பெனியில் 30 பேர்தான் இறங்க முடிந்தது. ஹெலிகாப்டர்கள் மேல் சூடு விழுந்து, அதோடு பறப்பு நின்றுபோனது. அந்த 30 பேரில் 29 பேர் செத்தார்கள். ஒருவர் பிடிபட்டார்.

ரகசியமும் திடீர்த் தாக்குதலும் மட்டுமே முதலீடாக இருந்த திட்டம் இது. பீரங்கி பலமோ ஆள் பலமோ இதில் கிடையாது. அந்த முதலீடு ஆட்கள் கிளம்புவதற்கு முன்பே கரைந்துவிட்டது. புலிகள் நம் ரேடியோ பேச்சை ஒட்டுக்கேட்டு, மைதானத்தைச் சுற்றி முன்கூட்டியே ஆட்களை வைத்திருந்தார்கள் என்றுதான் பதிவாகியிருக்கிறது.

“கோடு வார்த்தையில பேசியிருக்கலாமே சார்?” என்று வகுப்பில் எப்போதும் ஒருவன் கேட்பான். பேசலாம். கோடு அட்டையைப் பார்த்து ஒரு சின்னச் செய்தியை மாற்ற, மேசையில் உட்கார்ந்து செய்தாலே சில நிமிடம் ஆகும். அந்தப் பக்கம் இருப்பவன் அதைத் திரும்பப் பிரிக்க வேண்டும். ஒரு எழுத்து தப்பினால் “மறுபடி சொல்லு”. தலைக்கு மேல் குண்டு பறக்கும்போது யாரும் அட்டையைத் தேட மாட்டார்கள். ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ நேராகப் பேசிவிடுவார்கள். எதிராளிக்கு அது புரியாது என்று நினைப்பது நம்முடைய பழைய வியாதி. படித்த பையன்கள் அந்தப் பக்கம் நிறைய இருந்தார்கள். கையில் நம்முடையதைவிட இலகுவான ஜப்பான் ரேடியோ செட்டுகளும் இருந்தன.

இன்னொன்று. பேச்சு புரியவே வேண்டியதில்லை. கல்யாண வீடு எது என்று தெரிய யாராவது பத்திரிகை வைக்க வேண்டுமா? தெருமுனையில் நின்றால் போதும். இரண்டு நாளாக ஆள் வருவதும் போவதும் காட்டிக் கொடுத்துவிடும். அலைவரிசையும் அப்படித்தான். தினமும் சாயங்காலம் நாலு தடவை பேசுகிற இடத்தில் திடீரென்று நாற்பது தடவை பேச்சு நடந்தால், மறுமுனையில் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் தன் ஆட்களை எழுப்பிவிடுவான். அதற்கு மருந்தும் உண்டு. விசேஷம் இல்லாத நாளிலும் பொய்யாகப் பேசிப் பேச்சின் அளவை ஒரே மட்டத்தில் வைத்திருக்க வேண்டும். வேலை நடக்கும் நாளில் உத்தரவைக் கையில் எழுதிக் கொடுத்தோ, வாய்மொழியாக நேரில் சொல்லியோ முடிக்க வேண்டும். பறக்கத் தொடங்கிய பிறகுதான் செட்டைத் திறக்க வேண்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. முன்யோசனைக்கு நாலைந்து நாள் வேண்டும். அவர்களுக்கு அந்த நாலைந்து நாள் இருந்ததா என்றால், இல்லை. புலித் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்டவர்கள் பலாலியில் சயனைடு தின்று செத்தது அக்டோபர் 5. அடுத்த ஆறு நாளுக்குள் போர். அவசரத்தில் எடுத்த முடிவு என்று சொல்லலாம். அன்றைக்கே தலைமையைப் பிடித்திருந்தால் இரண்டரை வருடச் சண்டையே இருந்திருக்காது என்றும் சொல்லலாம். நான் இரண்டையும் சொல்லியிருக்கிறேன், எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்து.

இனி அந்த 30 பேர். அவர்களுடைய ரேடியோக்காரர் தொடக்கத்திலேயே சுடப்பட்டார். அதோடு பலாலியுடன் தொடர்பு அறுந்தது.

அந்தக் காலத்து முதுகு செட்டைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ‘பிஆர்சி-25’ என்ற அமெரிக்க வடிவமைப்பு. கடைசியில் ஒரே ஒரு வால்வு, மற்றதெல்லாம் டிரான்சிஸ்டர். பேட்டரியோடு பத்து கிலோ சொச்சம். நடக்கும்போது மாட்டுவது மூன்றடி ஏரியல், ஒரு இடத்தில் உட்கார்ந்தால் பத்தடி ஏரியல். தென்னங்குச்சி மாதிரி தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ரிசீவரைக் காதில் வைத்தபடி ஒருவர் நின்றால் அவர்தான் அதிகாரி. நிலா வெளிச்சம்கூட வேண்டாம், அந்த இரண்டு பேரையும் முதலில் சுட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏரியலை வளைத்துச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளலாம், அலை எட்டாது. யாழ்ப்பாணம் தட்டையான பூமி, நம் சேர்வராயன் மலை மாதிரி ஏறி நின்று பேச மேடு கிடையாது. பனையும் ஓட்டு வீடும் மாடிக் கட்டடமும் வி.ஹெச்.எஃப். அலையைத் தின்றுவிடும்.

அப்படியென்றால் இரண்டாவது செட் வேண்டும். வேறு ஆள் முதுகில், வேறு இடத்தில், தனிப் பேட்டரியோடு. இங்கேதான் கணக்கு கடிக்கும். 7.62 தோட்டா ஒன்று சுமார் 24 கிராம். பத்து கிலோ செட் என்றால் நானூறு தோட்டா. அதாவது இருபது மேகசின் நிறைய. ஹெலிகாப்டரில் எடைக்குக் கணக்குப் பார்த்து ஏற்றும்போது, “ஒரு செட் போதும், அந்த எடைக்குத் தோட்டா ஏற்று” என்று சொல்லத் தோன்றும். அதைச் சொல்கிறவர் முட்டாள் இல்லை. அந்த ஆட்களுக்குத் தோட்டாவும்தான் தீர்ந்துபோனது. மறுநாள் முற்பகல்வரை தாக்குப்பிடித்து, கடைசியில் பயனெட்டோடு பாய்ந்தார்கள் என்கிறார்கள். நானூறு தோட்டா கூடுதலாக இருந்திருந்தால்? இன்னும் ஒரு மணி நேரம் நின்றிருப்பார்கள். இன்னொரு செட் இருந்திருந்தால், “மீதிப் பேர் வரவில்லை, காத்திருக்காதே” என்ற ஒரு வரி போய்ச் சேர்ந்திருக்கலாம். என் தொழில் ரேடியோ என்பதால் நான் செட் பக்கம் பேசுகிறேன். துப்பாக்கிக்காரர் யாராவது இதை எழுதினால் தோட்டா பக்கம் பேசுவார்.

கமாண்டோக்கள் தப்பித்தது வேறு மாதிரி. அவர்கள் மைதானத்தில் நிற்கவில்லை. நகர்ந்தார்கள், வீடுகளுக்குள் புகுந்து சண்டை போட்டார்கள். பிறகு டாங்கிகள் ரயில் தண்டவாளத்தின் மேலே ஏறிப் போய் அவர்களை மீட்டன. ரோட்டில் கண்ணி வைத்திருப்பான், தண்டவாளத்தை யோசித்திருக்க மாட்டான் என்ற கணக்கு. அந்தத் தண்டவாள யோசனை எந்தத் தலைமையகத்துத் திட்டத்திலும் இல்லாதது. களத்தில் நின்றவர்கள் கண்டுபிடித்தது. பையன்களுக்கு நான் இதைக் குஷியாகச் சொல்லுவேன். சொல்லிவிட்டுத்தான் அந்த மலைப் பையனிடம் “செய்யறதுதான் தம்பி” என்றேன்.

வகுப்பில் சொல்லாமல் தாண்டிப் போகிற இடம் ஒன்றும் உண்டு. அதே அக்டோபர் 21, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி. நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள். நம் படையின் கையால் செத்தார்கள். ‘அது ரேடியோ பாடத்தில் வராது’ என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தமிழ் பேசுகிற ஊரில் தமிழ் தெரியாத ஆட்களை வீடு வீடாக அனுப்பியதும் தகவல் தொடர்புக் கோளாறுதான் என்று பார்த்தால், பாடத்தில் வரத்தான் வேண்டும். 1990 மார்ச் 24இல் கடைசி ஆட்களும் திரும்பினார்கள். அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. எனக்கு அதில் கோபம் இருந்தது. இப்போது அந்தக் கோபத்தைத் தேடினால் பாதிதான் கிடைக்கிறது. செத்த 1,200 பேர் சொச்சம் ஜவான்களை நினைத்தால் மட்டும் முழுசாக வருகிறது.

அந்தக் கேள்விக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை பையன்களை ஏற்காடு ரோட்டுக்குக் கூட்டிப்போனேன். அலை எப்படிச் சாகிறது என்பதைக் கரும்பலகையில் காட்ட முடியாது. இருபது கொண்டை ஊசி வளைவும் அதற்கென்றே போட்ட மாதிரி இருக்கும். லைசென்ஸ் தேவைப்படாத சின்ன வாக்கி டாக்கிகள் இரண்டு. மலை உச்சியில் லேடீஸ் சீட் என்கிற பார்வை முனையில் நின்றால் அடிவாரத்தில் இருப்பவனோடு பக்கத்து வீட்டுக்காரன் மாதிரிப் பேசலாம். நடுவில் காற்று மட்டும்தான். அதே செட்டை வளைவுக்கு உள்பக்கம், பாறை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் அரை கிலோமீட்டர்கூடத் தாங்காது.

மலைப் பையனை ஒரு வளைவுக்குக் கீழே நிறுத்தி, “நான் சொல்ற வரைக்கும் இங்கியே இரு” என்றேன். மேலே போய்க் கூப்பிட்டேன். பதில் இல்லை. பாறை மறைக்கிறது என்று இடம் மாறிக் கூப்பிட்டேன். இல்லை. நடுவில் மற்ற பையன்களுக்கு விளக்கம் சொல்வதில் நேரம் போய்விட்டது. தூறல் வேறு. இறங்கிப் பார்த்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அதே இடத்தில், அதே கல் பக்கத்தில், நனைந்துகொண்டு நின்றான்.

“கேக்கலையா?”

“கேட்டுதுங்க சார். ரெண்டு வாட்டி கூப்பிட்டீங்க. பட்டனை அமுக்கினா லைட்டு அணைஞ்சுருது.”

பேட்டரி. கேட்பதற்குச் சொட்டு மின்சாரம் போதும், பேசத்தான் நிறைய வேண்டும். சாகப் போகிற பேட்டரியில் காது வேலை செய்யும், வாய் வேலை செய்யாது. நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிற விஷயம். கிளம்பும் முன் பார்க்காமல் கொடுத்தது நான்.

“மேல நடந்து வந்திருக்கலாமில்ல?”

“நீங்க இருக்கச் சொன்னீங்களே சார்.”

அவன் குத்திக் காட்டவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இப்போது பயிற்சிக்குக் கிளம்பும் முன் ஒவ்வொருவன் கையிலும் ஒரு அட்டை கொடுக்கிறேன். முதல் அலைவரிசை, மாற்று அலைவரிசை, எத்தனை மணிக்கு மாற வேண்டும், பேட்டரி பார்த்தாயிற்றா. கடைசியில் ஒரு வரி: ‘தொடர்பு அறுந்தால் ___ நிமிடம் காத்திரு, பிறகு ___ க்குப் போ’. இது என் கண்டுபிடிப்பு அல்ல, எந்த ஒழுங்கான திட்டத்திலும் இருக்க வேண்டிய வரி. மேலிருப்பவன் தன் உத்தரவு எந்த நேரத்தோடு காலாவதி ஆகிறது என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது.

முதல் அட்டையை மலைப் பையன்தான் வாங்கினான். படித்துப் பார்த்தான்.

“இந்த டைம் முடிஞ்சா யாரையும் கேக்காம கெளம்பிரலாங்களா சார்?”

“கெளம்பலாம்.”

“டைமை யாருங்க சார் எழுதறது?”

“நான்தான்.”

அவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். நான் முதலில் 15 என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டு 30 என்று எழுதினேன்.