குறுக்கு வலியும் சீட்டு உயரமும்

போன ஆனியில ஆரம்பிச்ச வலி. ஞாயித்துக்கெழம விடியக்காலம் பாளையங்கோட்டையில கெளம்பி முன்னீர்பள்ளம், பத்தமடை வழியா சேரன்மகாதேவி போயி ஒரு டீயப் போட்டுட்டு திரும்புதது நம்ம வழக்கம், போக வர 40 கிலோமீட்டர் பக்கம் வரும். ஆனி ஆடியில மேல்காத்து எப்படின்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லவா வேணும், போறது வேற மேற்க பாத்து, நானும் வீம்புக்கு பெரிய கியரப் போட்டு குனிஞ்சு மிதிச்சேன். வீட்டுக்கு வந்து ஷூவக் கழட்டக் குனிஞ்சா குறுக்கு புடிச்சுக்கிட்டு, நிமிர முடியல. "இந்த வயசுல இதெல்லாம் தேவையா"ன்னு வீட்டுல ஒரே ஏச்சு.

மொதல்ல செஞ்ச கோட்டித்தனம் 700 ரூவாய்க்கு ஜெல் சீட் கவர் வாங்குனது. உக்காருத எடம் மெத்துன்னு ஆச்சு, வலி அப்படியே கெடந்துச்சு.

பொறவு சைக்கிள் கடை அண்ணாச்சி என்னைய தெருவுல ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்லி பின்னாலயே நின்னு பாத்தாரு. "என்னவே, ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுது, சீட்டு ஒசரம்லா"ன்னாரு. செவுத்தப் புடிச்சிட்டு சீட்டுல உக்காந்து, பெடல் அடியில இருக்கும்போது குதிகால அதுமேல வச்சா முட்டி நேரா நிக்கணும், அப்பந்தான் முன்பாதத்தால மிதிக்கையில முட்டி லேசா மடங்கும். எனக்கு குதிகால் எட்டவே இல்ல! ரெண்டு விரக்கட எறக்குனாரு, மூக்கத் தூக்கிட்டு நின்ன சீட்ட மட்டமாக்குனாரு, ஹேண்டில்பாரத் தாங்குத ஸ்டெம்ம குட்டையா மாத்தி அத கிட்டக்க கொண்டு வந்தாரு.

இப்பம் எதிர்காத்துல லேசான கியர்தான், பெடல் நிமிசத்துக்கு 80 சுத்துக்கு கொறையாம, பத்து பதினஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா பெடல்ல எந்திரிச்சு நின்னு முதுக நிமித்திக்கிடுதேன். சாயங்காலம் பத்தமடைப் பாய விரிச்சு, முழங்கையையும் கால் விரலையும் ஊனி ஒடம்ப நேரா நிறுத்துத பிளாங்க் மூணு தடவ, அப்புறம் தொடைக்குப் பின்னாடி இருக்க தசைய நல்லா நீட்டி விடுதது. அந்தத் தசை இறுகிக் கெடந்தா குனியும்போது இடுப்பு சேந்து வளையாது, மொத்த வளைவும் குறுக்குலதான் விழும். வலி வந்த நாள்ல படுத்தே கெடக்காம மெதுவா நடந்து வெந்நி ஒத்தடம் குடுத்தேன், அது கேட்டுச்சு. ஆனா வலி கால் வரைக்கும் எறங்கி மரத்துப் போனாலோ, ஒண்ணுக்கு அடக்க முடியலன்னாலோ ஒத்தடத்த நம்பி இருக்காதீங்க, ஒடனே டாக்டர்ட்ட போயிருங்க.

இந்த ஆனியிலயும் அதே காத்துதான். சேரன்மகாதேவி போய்ச் சேர பத்து நிமிசம் கூட ஆவுது, டீக்கடைக்காரரு "என்ன அண்ணாச்சி, சைக்கிளத் தள்ளிட்டே வந்தீயளோ"ங்காரு.