அம்மா நோட்டில் இல்லாத 61 நாள்

எங்கம்மா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து தண்டையார்பேட்டையில் விக்கிறவங்க. விடியக்காலை எடுத்த ரேட்டை அன்னன்னைக்கே ஒரு நாப்பது பக்க நோட்டில் குறிச்சு வைப்பாங்க. தேதி, பக்கத்தில் வஞ்சிரம் கிலோ என்ன விலை, அவ்வளவுதான். போன வாரம் உட்கார்ந்து அதை அப்படியே பைதான் புரோகிராமில் ஒரு டிக்ஷனரியா ஏத்தினேன். டிக்ஷனரின்னா ஜோடி ஜோடியா வைக்கிற பட்டியல்: தேடுற பேர் கீ, அதுக்கு எதிரே இருக்கிறது வேல்யூ. இங்க தேதி கீ, விலை வேல்யூ.

பைதானில் வரைபடம் போடுற மேட்பிளாட்லிப்பில் வரைய ஒரு வரி போதும். கீ எல்லாம் ஒரு லிஸ்ட், வேல்யூ எல்லாம் ஒரு லிஸ்ட், ரெண்டையும் கோடு வரையற 'பிளாட்' கட்டளைக்குக் கொடுத்தேன். பைதான் 3.7-லேர்ந்து டிக்ஷனரி நாம போட்ட வரிசையை மாத்தாது, அதனால் தேதி கலையலை. கோடு அழகா வந்தது. அம்மாகிட்ட காட்டினேன்.

"இன்னாடி இது, தடைக்காலம் எங்க?"

பார்த்தா, ஏப்ரல் 14-ஐ ஒட்டினாப்போல ஜூன் 15 நிக்குது. நம்ம கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் அம்மா கருவாடுதான் விப்பாங்க. நோட்டில் வரி கிடையாது, அதனால் டிக்ஷனரியில் கீயும் கிடையாது.

தேதியை ஸ்ட்ரிங்காவே, அதாவது வெறும் எழுத்தாவே விட்டது என் தப்பு. ஸ்ட்ரிங்கைக் கொடுத்தா மேட்பிளாட்லிப் அதை வெறும் பேராத்தான் எடுத்துக்கும், சங்கரா, நெத்திலி, வவ்வால் மாதிரி. பேருக்கும் பேருக்கும் நடுவில் தூரம் ஏது? சம இடைவெளியில் அடுக்கிடும். ஒவ்வொரு கீயையும் டேட்டைமா, அதாவது பைதானுக்குத் தேதின்னு புரியற வகையா மாத்தினப்புறம்தான் ரெண்டு மாசம் ரெண்டு மாச அகலத்துக்கு விரிஞ்சது.

அப்பவும் மனசு ஒப்பலை. ஏப்ரல் 14 புள்ளியிலேர்ந்து ஜூன் 15 வரைக்கும் ஒரு நீளக்கோடு, நடுவில் தினமும் ஏலம் நடந்த மாதிரி. அது பொய். மே 1-ன்னு ஒரு கீ சேர்த்து, வேல்யூவா 'நேன்' போட்டேன், அதாவது எண்ணே இல்லைன்னு அர்த்தம். புதுசா சேர்த்த கீ டிக்ஷனரியோட கடைசியில் போய் உட்காரும், அதனால் 'சார்ட்டட்' போட்டு தேதி வரிசையில் அடுக்கித்தான் வரையணும். வரைஞ்சேன். கோடு அறுந்து நடுவில் வெள்ளையா நின்னது.

அம்மா அந்த வெள்ளை இடத்தில் விரலை வெச்சு, "இங்கதான் உன் ஃபீஸுக்கு வட்டிக்கு வாங்கினது" என்றாங்க. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, சங்கராவுக்கும் போடச் சொன்னாங்க. அந்த நோட்டைத் தேடிட்டிருக்கோம்.