ரே என்ற பெயருக்கு வெளியே

வங்கத்து ரே குடும்பம் என்று பேச்சு வந்தால் மூன்று பேரோடு முடித்துவிடுகிறோம். தாத்தா உபேந்திரகிஷோர், அப்பா சுகுமார், மகன் சினிமா இயக்குநர் சத்யஜித். மூவரும் எழுதினார்கள், மூவரும் படம் வரைந்தார்கள்.

புத்தகங்களுக்குப் படம் வரைவது என் பிழைப்பு என்பதால் எனக்குத் தாத்தா மேல்தான் பிரியம் அதிகம். சிறுவர்களுக்கு அவர் எழுதிய ராமாயணத்துக்கு அவரே படமும் வரைந்தார். அதை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டபோது கோடுகளெல்லாம் பாழாகிவிட்டன. நாமாக இருந்தால் அச்சகத்தாரோடு சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருப்போம். மனிதர் லண்டனிலிருந்து கருவிகளை வரவழைத்து, 1895இல் சொந்தமாக பிளாக், அதாவது படங்களை அச்சிடும் அச்சுக்கட்டை, செய்யும் தொழிலையே தொடங்கிவிட்டார். படத்தின் சாம்பல் நிறங்களைப் பொடிப்பொடிப் புள்ளிகளாக உடைத்து அச்சிடும் ஹாஃப்டோன் முறை பற்றி அவர் எழுதிய கட்டுரைகளை லண்டனின் அச்சுக்கலை இதழான பென்ரோஸ் ஆண்டிதழ் வெளியிட்டது. 1913இல் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழைத் தொடங்கினார்.

கல்கத்தா கர்பார் சாலையில் வீடும் அச்சகமும் ஒரே கட்டடம். சின்னப் பையன் சத்யஜித் எதையாவது கிறுக்கி எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போய், “இது சந்தேஷுக்கு” என்பாராம். ஊழியர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, பையனைத் தூக்கிப் பெரிய கேமராவின் கண்ணாடியில் அந்தக் கிறுக்கல் தலைகீழாகத் தெரிவதைக் காட்டுவாராம். டர்பன்டைன் வாசனை வந்தாலே அந்த இடம் கண்முன் வந்துவிடும் என்று பின்னாளில் சத்யஜித் எழுதியிருக்கிறார். சுகுமார் 1923இல் இறந்தபோது சத்யஜித்துக்கு இரண்டு வயது. சுகுமாரின் புகழ்பெற்ற வேடிக்கைப் பாடல்களான ‘ஆபோல் தாபோல்’ புத்தகமாக வந்ததே அவர் இறந்த சில நாட்கள் கழித்துத்தான்.

சரி, இதெல்லாம் பலரும் சொல்லும் கதை. உபேந்திரகிஷோரின் மகள்கள் என்ன ஆனார்கள்? சுகலதா எழுதினார், படமும் வரைந்தார். புண்யலதா அந்த வீட்டின் பிள்ளைப் பருவத்தை அழகாக எழுதி வைத்தார். ஆனால் ஒருவர் சுகலதா ராவ், இன்னொருவர் புண்யலதா சக்ரவர்த்தி. உபேந்திரகிஷோருடைய தம்பியின் மகள் லீலாவின் முதல் கதை 1922இல் சந்தேஷில் வந்தது. அவர் லீலா மஜும்தார் என்ற பெயரில் வங்கச் சிறுவர் இலக்கியத்தின் பெரிய ஆளுமையானார். கல்யாணம் ஆனதும் பெயர் மாறியது. பெயர் மாறியதும் ‘ரே பரம்பரை’ என்ற பட்டியலிலிருந்தும் நழுவிவிட்டார்கள்.

நமக்குத்தான் குடும்பப் பெயரே கிடையாதே என்று பெருமைப்பட வேண்டாம். என் படங்களில் அப்பாவின் இனிஷியல், வங்கிக் கணக்கில் கணவருடையது. காசோலை வரும்போதெல்லாம் ‘இரண்டும் நான்தான்’ என்று ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

நின்றுபோயிருந்த சந்தேஷை 1961இல் சத்யஜித், கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து மறுபடி தொடங்கினார். அப்புறம் லீலாவும், புண்யலதாவின் மகள் நளினி தாஸும் ஆசிரியர் பொறுப்பில் சேர்ந்துகொண்டார்கள். ரே, மஜும்தார், தாஸ். தெரியாதவர்கள் பார்த்தால் யாரோ மூன்று பேர். உண்மையில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அந்தச் சந்தேஷில்தான் 1965இல் சத்யஜித்தின் கதாநாயகன் ஃபெலுடா துப்பறியத் தொடங்கினார். துப்பறியும் பள்ளி மாணவிகள் நான்கு பேரை வைத்து நளினி எழுதிய ‘கொண்டாலு’ கதைகளும் அதே இதழில் வந்தவைதான். காலு, மாலு, புலு, டுலு என்று பெயர்களே ரகளை. ஃபெலுடா தமிழுக்கு வந்துவிட்டார். இந்த நான்கு பெண்களையும் யாராவது கூட்டிவந்தால், படம் வரைய நான் தயார்.