இரண்டு லட்சம் ரூபாயும் ஒரு டீக்கடை நோட்டும்

செய்யாறுக்கும் வந்தவாசிக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து ஒரு சின்னக் கூத்து போட்டோம். ஏரியைப் பற்றிய கூத்து. அதற்கு ஓர் அறக்கட்டளையிடமிருந்து இரண்டு லட்சம் ரூபாய் நல்கை கிடைத்தது. கூத்து எப்படி வந்தது என்பதை விட, அந்த இரண்டு லட்சம் எப்படிக் கிடைத்தது, எப்படிக் கணக்குக் கொடுத்தோம் என்றுதான் நிறையப் பேர் போனில் கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் 2022இல் விண்ணப்பித்தேன். கிடைக்கவில்லை. இப்போது அந்த விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. ‘அழிந்துவரும் தொன்மையான கலைவடிவத்தை மீட்டெடுத்தல்’ என்று ஆரம்பித்திருக்கிறேன். எங்கள் பக்கம் கூத்து எங்கே அழிந்தது? பங்குனி பிறந்தால் ஆடி முடிகிற வரை திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. நல்ல ஜமாவிடம், அதாவது கூத்துக் குழுவிடம், தேதி கிடைப்பதே கஷ்டம். இல்லாத சாவுக்கு ஒப்பாரி வைத்துப் பணம் கேட்டிருக்கிறேன். கொடுக்காமல் விட்டது சரிதான்.

வேறு வழிகளையும் அப்போது விசாரித்தேன். மத்திய கலாச்சார அமைச்சகம் தரும் ஃபெலோஷிப் இருக்கிறது. இளையவர்களுக்கு மாதம் 10,000, நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 20,000 என்று இரண்டு வருடத்துக்குத் தருவார்கள். ஆனால் அது தனி ஆளின் ஆய்வுக்கானது. பன்னிரண்டு பெண்களைச் சாயங்காலம் உட்கார வைத்து ஒத்திகை பார்க்க உதவாது. பெங்களூருவில் உள்ள ஐ.எஃப்.ஏ. (இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்) 1995 முதல் கலைஞர்களுக்கு நல்கை தருகிறது. விண்ணப்பத்தை எந்த இந்திய மொழியிலும் எழுதலாம் என்று அவர்கள் அறிவித்திருப்பதைப் பார்த்த பிறகுதான், அடடா, தமிழிலேயே எழுதிக் கேட்கலாமே என்று தோன்றியது. எனக்குப் பணம் தந்தது வேறோர் இடம். அங்கே போன் போட்டு, “தமிழில் அனுப்பலாமா?” என்று கேட்டேன். “அனுப்புங்கள், படிக்க ஆள் வைத்துக்கொள்கிறோம்” என்றார்கள். யாரும் கேட்காததால் அதுவரை சொல்லவில்லை போல.

தமிழில் எழுத உட்கார்ந்ததும் ‘மீட்டெடுத்தல்’ தானாகவே காணாமல் போனது. ஊரில் ஏரி இருக்கிறது, மதகு உடைந்து ஆறு வருடம் ஆகிறது, வயலுக்கு ஏரித் தண்ணீர் திறந்துவிடுகிற நீர்க்கட்டி வேலை பார்த்தவர் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார், ஏரிக்கரையில் நூறு நாள் வேலை செய்கிற பெண்களுக்குத்தான் இப்போது அந்தக் கரையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் தெரியும், அவர்கள் சொல்வதைக் கூத்தாகக் கட்டப்போகிறோம், எங்கள் பக்கம் பெண்கள் வேஷம் கட்டுவது வழக்கமில்லை, அதனால் ஒரு பழைய கூத்து வாத்தியாரைக் கேட்டேன், யோசித்துவிட்டுச் சரி என்றார். அவ்வளவுதான் எழுதினேன். நான்கு பக்கம்.

பட்ஜெட் எழுதத்தான் நான்கு வாரம் ஆனது. இது போன்ற வேலைகளில் புரொபோசலே பட்ஜெட்தான் என்று இப்போது நினைக்கிறேன். வாத்தியாருக்கு 40,000. கட்டை என்கிற மர அணிகளுக்கும் உடுப்புக்கும் 45,000. பின்பாட்டு, மிருதங்கம், முகவீணைக்கு 10,000. இது குறைவு, தெரிந்துதான் போட்டேன், வாத்தியார் ஜமாவின் ஆட்கள் அவருக்காக ஒத்துக்கொண்டார்கள். மைக்செட், லைட்டுக்கு 12,000. டீ, பிஸ்கட், கூத்தன்று சாப்பாட்டுக்கு 14,000. வண்டிச்செலவு, வீடியோ, சில்லறை. எனக்கு 25,000. முதல் விண்ணப்பத்தில் எனக்கென்று ஒரு ரூபாய்கூடப் போடவில்லை, டீக்கும் போடவில்லை. அதை ஒரு பெருமையாக நினைத்தேன். அந்தக் காசை யார் போடுவார் என்று படிக்கிறவர்களுக்குச் சந்தேகம் வராதா?

தகராறானது ஒரே ஒரு வரிதான். பன்னிரண்டு பெண்கள், இருபது சாயங்காலம், ஆளுக்கு நூறு ரூபாய்: 24,000. அப்போது நூறு நாள் வேலைக்கு அரசு அறிவித்த கூலி 294 ரூபாய். இரண்டு மணி நேரத்துக்கு நூறு என்று கணக்குப் போட்டேன். நேர்காணலில் குழுவில் இருந்த ஒருவர் கேட்டார், “பங்கேற்கிறவர்களுக்குப் பணம் கொடுத்தால் பணத்துக்காகத்தானே வருவார்கள்?” கேமராவை அணைத்துவிட்டு எழுந்து போகலாம் போல இருந்தது. போகவில்லை. “வாத்தியாருக்குக் கொடுக்கிறோம், நான் எடுத்துக்கொள்கிறேன், மைக்செட்காரருக்குக் கொடுக்கிறோம். இரவுச் சமையலைத் தள்ளி வைத்துவிட்டு வருகிறவர்கள் மட்டும் கலைச்சேவை செய்ய வேண்டுமா?” என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் இன்னொரு அம்மா, “இந்த வரி இருக்கட்டும்” என்றார். 2023 நவம்பரில் கடிதம் வந்தது.

பணம் வந்தது 2024 பிப்ரவரியில். முதல் தவணை 1,20,000. இடைக்கால அறிக்கை கொடுத்தால் 60,000, கணக்கு முடித்தால் 20,000. ஜூனில் கூத்து போட்டு முடிப்பதாக எழுதியிருந்தேன். வாத்தியாரோடு வளர்ந்த எனக்குப் பங்குனி முதல் ஆடி வரை அவர் இரவெல்லாம் ஆடி, பகலெல்லாம் தூங்குகிற காலம் என்பது தெரியாதா? தெரியும். விண்ணப்பத்தில் ‘காலவரிசை’ என்ற கட்டத்தைப் பார்த்ததும் ஜனவரி, பிப்ரவரி என்று இங்கிலீஷ் மாதத்தில் யோசித்துவிட்டேன்.

போதாக்குறைக்கு மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. நடத்தை விதிமுறை. அடுத்த வாரம் கட்டை செய்கிறவருக்கும் வாத்தியாருக்கும் கொடுக்க 52,000 ரூபாயை வங்கியில் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வருகிறேன், கூட்டு ரோட்டில் பறக்கும் படை நிறுத்தியது. ஐம்பதாயிரத்துக்கு மேல் கையில் இருந்தால் ஆதாரம் காட்ட வேண்டும். வங்கிச் சீட்டு இருந்தது. நல்கைக் கடிதத்தையும் காட்டினேன். அது இங்கிலீஷில் இருந்தது. காவலர் இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு, “கூத்தாடறதுக்கு பெங்களூர்லேர்ந்து எவன்மா காசு குடுக்கறான்?” என்றார். அறக்கட்டளை பெங்களூரிலும் இல்லை. இருந்தாலும் நல்ல கேள்வி. விட்டுவிட்டார்கள்.

ஏன் ரொக்கமாக எடுத்தாய் என்று கேட்பீர்கள். வாத்தியாரின் வங்கிக் கணக்கில் இரண்டு வருடத்துக்கு மேல் வரவுசெலவே இல்லாததால் முடங்கிக் கிடந்தது. உயிர்ப்பிக்கப் போனால் ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறொரு இனிஷியல். மூன்று முறை போய்வந்தோம். அதுவரை ரொக்கம்தான், ரொக்கத்துக்கு ரசீது. ஐயாயிரத்துக்கு மேல் போனால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். பக்கத்துத் தபால் நிலையத்தில் ஸ்டாம்ப் இல்லை. ஒரு ரூபாய் ஸ்டாம்புக்காக ஐம்பது ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுப் போன நாள் உண்டு. கிடைத்தபோது நாற்பது வாங்கி வைத்துக்கொண்டேன். இன்னும் மிச்சம் இருக்கிறது, வேண்டுபவர்கள் கேட்கலாம்.

கட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிரீடம், புஜக்கட்டை எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செய்வது. லேசான மரம். அதன் மேல் கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டுவார்கள். ஆண்களின் தோளுக்கு என்றே அளவு. செய்கிறவர் முதலில் வழக்கமான அளவில் ஒரு ஜோடி கொண்டுவந்தார். ஒரு அக்கா கட்டிக்கொண்டு, கூத்தில் வேகமாகச் சுழல்கிற கிறுக்கி சுற்றிப் பார்த்தாள். மூன்றாவது சுற்றில் புஜக்கட்டை முழங்கைக்கு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து நூல் எடுத்து அவள் தோளை அளந்தார், அங்கேயே உட்கார்ந்து அரை விரல் கடை செதுக்கினார். அதற்கென்று தனியாகக் காசு கேட்கவில்லை. நானும் கேட்காமல் விட்டது தப்பு, இடைக்கால அறிக்கையில் அந்த வேலை எந்தத் தலைப்பிலும் வராமலே போனது.

ஏப்ரலில் ஒத்திகை நின்றது. கால நீட்டிப்புக் கேட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை, அக்டோபர் வரை தந்தார்கள். இதை முன்கூட்டியே சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, கெடு முடிந்த பிறகு சொன்னால்தான் வம்பு.

ஆடி முடிந்து மறுபடி கூடியபோது பன்னிரண்டு பேர் ஏழு பேராக இருந்தார்கள். மூன்று பேர் செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனி வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். ஷிப்ட் பஸ் வந்து இறக்கிவிடும்போது எங்கள் ஒத்திகை முடிந்திருக்கும். ஒருத்திக்குப் பிரசவம். ஒருத்தியின் வீட்டில் விடவில்லை. ‘பயனடைந்தவர்கள் எண்ணிக்கை’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? பன்னிரண்டு என்று எழுதிவிடு, யார் வந்து எண்ணப் போகிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். ஏழு என்றே எழுதி, ஐந்து பேர் ஏன் போனார்கள் என்று ஒரு பக்கம் எழுதினேன். மொத்த அறிக்கையில் அவர்கள் போன் போட்டு விசாரித்தது அந்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான்.

ஆவணியில் கூத்து போட்டோம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று காவல் நிலைய அனுமதிக் கடிதத்திலேயே அடிக்கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதே முக்காலுக்கு முடித்தோம். “கூத்து ஆரம்பிக்கிற நேரத்துல கூத்த முடிச்சிட்டு வூட்டுக்குப் போறது என் வயசுக்கு இதான் மொத தபா” என்றார் வாத்தியார். கூத்தின் கோமாளி கட்டியங்காரன் இல்லை, கட்டியங்காரி. அவள் மதகு ஷட்டரைத் தேடிக் கூட்டத்துக்குள் இறங்கி, தலைவர் நாற்காலிக்குக் கீழே குனிந்து பார்த்தபோது எழுந்த சத்தம் வீடியோவில் சரியாகப் பதிவாகவில்லை. வீடியோவுக்கு 15,000 கொடுத்திருந்தேன்.

கணக்கு முடிக்கும் போதுதான் சிக்கினேன். ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்ததற்கு வருகைப்பதிவேடு கேட்டார்கள். நான் வைத்திருந்த பதிவேட்டில் முதல் பத்து நாள் ஒழுங்காகக் கையெழுத்து இருந்தது. அப்புறம் அவசரத்தில் விட்டுப்போயிருந்தது. உட்கார்ந்து பழைய தேதி போட்டுக் கையெழுத்து வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். ஒத்திகை நடந்த கோயில் மண்டபத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடை அக்காவிடம் பாக்கி எவ்வளவு என்று கேட்கப் போனபோது அவர் நோட்டை எடுத்து விரித்தார். தேதி போட்டு, இத்தனை டீ, இத்தனை பிஸ்கட் என்று எழுதியிருந்தது. டீ குடிக்காதவள் ஒருத்தி, அவளுக்குப் பால், அது தனி வரி. யார் யாருக்கு என்று பேரும் இருந்தது, யாராவது தனியாக வாங்கிக் குடித்தால் சேர்ந்துவிடக் கூடாது என்று எழுதி வைத்தாராம். முப்பத்தோரு சாயங்காலம், ஒன்றுகூட விடவில்லை. அதை ஜெராக்ஸ் எடுத்து, என் பதிவேட்டில் விட்டுப்போனதையும் ஒப்புக்கொண்டு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

கடைசித் தவணை வருவதற்குள் டிசம்பர் பிறந்துவிட்டது. ஃபெஞ்சல் புயல் மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் தாண்டி ஓடியது. மதகை இன்னும் சரிசெய்யவில்லை, மணல் மூட்டைதான். கரெண்ட் வந்த பிறகு போனைப் பார்த்தால் 20,000 வரவு வைத்த குறுஞ்செய்தி. டீக்கடைக்குப் போய் பாக்கி 1,870 ரூபாயைக் கொடுத்தேன். அக்கா எண்ணிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கங்களைக் குறுக்காக அடித்தார். ரசீது கேட்டேன்.

“ஸ்டாம்ப் ஒட்டணுமா?” என்றார்.

“ஐயாயிரத்துக்கு உள்ளதான்க்கா, வேணாம்.”

“அப்ப டீ குடிச்சிட்டுப் போ.”

அதை எழுதிக்கொள்ளவில்லை.